இரண்டு இரவுகளுக்கு நடுவே ஓர் எல்லை: தில்லி – நேபாளத் தரைவழிப் பயணத்தின் கதை

தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு நெடும்பயணம் புதிதல்ல. இரண்டு இரவு ரயிலில் படுத்து, மூன்றாம் நாள் காலை சென்ட்ரலில் இறங்கிய அனுபவம் நம் மூத்த தலைமுறையில் எல்லோருக்கும் உண்டு. ஆனால் நம் குடியிருப்பிலேயே, நம் வாசலிலேயே, நம்மைவிடக் கடினமான ஒரு பயணத்தை ஆண்டுதோறும் மேற்கொள்பவர் ஒருவர் இருக்கிறார். அவரை நாம் 'கூர்க்கா' என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். பெயர் என்ன, ஊர் எது என்று கேட்டவர்கள் நம்மில் குறைவு. இரவில் தடியைத் தட்டிக்கொண்டு போகும் அந்த மனிதர் தீபாவளிக்கு முன்னால் ஒரு மாதம் காணாமல் போவார். "ஊருக்குப் போயிருக்கான்" என்போம். எப்படிப் போனார்? அந்த வழி எப்படி உண்டாயிற்று? இக்கட்டுரை அதைப் பற்றியது.

இதில் எனக்கு அக்கறை வரக் காரணம் என் அத்தை. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் நேபாளத்துச் சாளக்கிராமமும் ஒன்று. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த தலம். முக்திநாத் என்று இன்று அழைக்கப்படும் கோயிலே அது என்று கொண்டு, தமிழ்நாட்டிலிருந்தும் அன்பர்கள் போய்வருகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,700 மீட்டர் உயரம். "உசிரு இருக்கும்போதே சேவிச்சுடணும்டா" என்று அறுபத்தெட்டு வயது அத்தை பிடிவாதம் பிடித்ததால், 2010 அக்டோபரில் இருவரும் கிளம்பினோம். விமானத்துக்குக் காசில்லை, ரயிலில் இடமில்லை. பஸ்தான்.

நேபாளிகளின் தலையாய பண்டிகை தசைன். நம் நவராத்திரி நாட்களில் வருவது. அதற்கு ஐந்தாறு நாள் முன்பு என்பதால் பஸ் முழுக்க ஊர் திரும்பும் நேபாளத் தொழிலாளர்கள். என் பக்கத்து இருக்கையில் இருந்தவர் மேற்கு தில்லியில் ஒரு குடியிருப்பின் இரவுக் காவலர். அத்தையைப் பார்த்து "ஆமா" என்றார். நேபாளியில் ஆமா என்றால் அம்மா. அத்தைக்கு அது தெரியாது. ஏதோ ஆமோதிக்கிறார் என்று நினைத்து இவரும் "ஆமாம்ப்பா, ஆமாம்" என்று தலையாட்டினார். அந்தப் பயணம் முழுவதும் இருவருக்கும் பேச்சு இப்படியே நடந்தது.

வண்டி ஓடாத காலம்

இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் இடையே இன்றுள்ள எல்லைக்கு அடிப்படை சுகௌலி உடன்படிக்கை. கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் கோர்க்கா அரசுக்கும் நடந்த போரின் முடிவில், 1815 டிசம்பரில் கையெழுத்தாகி 1816 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. எல்லையின் நீளம் சுமார் 1,750 கிலோமீட்டர். போரில் எதிரியின் வீரத்தைக் கண்ட ஆங்கிலேயர், போர் நடந்துகொண்டிருந்த 1815-இலேயே கோர்க்காக்களைத் தங்கள் படையில் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு முன்பே லாகூரில் மகாராஜா ரஞ்சித் சிங்கின் படையில் சேர மலையிலிருந்து இறங்கியவர்கள் உண்டு. லாகூருக்குப் போனவன் 'லாஹுரே'. லாகூர் போய்ச் சேராதவனுக்கும், பின்னாளில் வெளிநாட்டில் வேலைக்குப் போன எல்லோருக்குமே நேபாளி மொழியில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நம்மூரில் கடல் கடந்து போனவரைச் 'சிங்கப்பூரார்' என்று ஊரே கூப்பிடுவதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1947 நவம்பரில் இந்தியா, பிரிட்டன், நேபாளம் மூன்றும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி பத்து கூர்க்கா ரெஜிமெண்டுகளில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் வந்தன. ஆக, அந்த எல்லையைத் தாண்டி வேலைக்கு வருவது இருநூறு ஆண்டு வழக்கம். சாலையோ வெகு பிந்தி வந்தது.

காட்மாண்டுவுக்கு மோட்டார் சாலை இல்லாத காலத்தில் பயணம் எப்படி இருந்தது? 1927-இல் பிகாரின் ரக்ஸௌலிலிருந்து அம்லேக்கஞ்ச் வரை சிறிய இருப்புப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. அங்கிருந்து பீம்பேதி வரை லாரி. அதற்குமேல் சீசாகடி, சந்திராகிரி மலைகளைக் கால்நடையாக ஏறி இறங்க வேண்டும். வசதியுள்ளவர்களைப் பல்லக்கிலோ முதுகுக் கூடையிலோ தூக்கிச் சென்றார்கள். இதில் வேடிக்கை, ராணா பிரபுக்கள் காட்மாண்டுவுக்குள் ஓட்டிப் பார்க்க வாங்கிய மோட்டார் கார்களும் இதே மலைப்பாதையில்தான் போயின. சக்கரங்களைக் கழற்றிவிட்டு, நீண்ட கழிகளில் வைத்துக் கட்டி, பல பத்துச் சுமைகூலிகள் தோளில் சுமந்து போனார்கள். மனிதனைச் சுமக்கப் பிறந்த வண்டியை மனிதன் சுமந்த வழி அது.

சாலையும் ஒப்பந்தமும்

1950 ஜூலை 31 அன்று இந்தியாவும் நேபாளமும் அமைதி, நட்புறவு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன் ஏழாவது விதி நமக்கு முக்கியம். ஒரு நாட்டுக் குடிமக்கள் மற்ற நாட்டில் வசிக்க, சொத்து வாங்க, தொழில் செய்ய, நடமாட ஒருவருக்கொருவர் சம சலுகை தருவது என்று அது சொல்கிறது. இந்தியருக்கு நேபாளத்திலும் நேபாளிக்கு இந்தியாவிலும் விசா கேட்கப்படாததன் அடிப்படை இதுவே. அடுத்த சில மாதங்களில் மன்னர் திரிபுவன் காட்மாண்டுவிலிருந்த இந்தியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்து, தில்லிக்கு விமானத்தில் வந்து, 1951 பிப்ரவரியில் நாடு திரும்பினார். ராணாக்களின் தனியாட்சி முடிந்தது. மூடிக் கிடந்த நாடு திறந்தது.

1953 முதல் 1956 வரை இந்திய ராணுவப் பொறியாளர்கள் அமைத்த திரிபுவன் ராஜபாதைதான் காட்மாண்டுவைச் சமவெளியோடு இணைத்த முதல் மோட்டார் சாலை. 2,488 மீட்டர் உயரமுள்ள சிம்பஞ்சியாங் கணவாயைத் தாண்டும் சாலை அது. அடுத்து இந்திய உதவியுடன், சுனௌலியை ஒட்டிய பைரஹவாவிலிருந்து போக்ராவுக்குச் சித்தார்த்த ராஜமார்க்கம் வந்தது. சீனாவும் சும்மா இருக்கவில்லை. காட்மாண்டு – போக்ரா சாலையை அது அமைத்துக் கொடுத்தது. அச்சாலையில் உள்ள முக்லிங்கிலிருந்து சமவெளியின் நாராயண்காட் வரை சுமார் 36 கிலோமீட்டர் இணைப்புச் சாலையும் சேர்ந்தபின், வண்டிகள் பழைய ராஜபாதையின் உயரத்தை விட்டு, திரிசூலி ஆற்றங்கரை வழியாக ஓடத் தொடங்கின. ஒரு பெரிய நாட்டின் சாலையில் ஏறி இன்னொரு பெரிய நாட்டின் சாலையில் இறங்கும் பயணம் இது. ஐரோப்பாவிலிருந்து தரைவழியாகவே காட்மாண்டு வந்து சேர்ந்த 'ஹிப்பி'களின் பஸ்களும் இந்தச் சாலைகளில் ஓடின. 1979-இல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையெடுப்பும் அவ்வழியை அடைத்தன. மிஞ்சியவர்கள் கூலிக்குப் போகிறவர்களும் யாத்திரை போகிறவர்களும்தான்.

ஏன் இரவில்?

இரவில் போனால் வெயில் இல்லை என்று நாம் நினைப்போம். உண்மைக் காரணம் கணக்கு. பகலில் பயணம் செய்தால் ஒரு நாள் கூலி போகும், இரவில் எங்கேனும் தங்க அறை வாடகையும் போகும். பஸ்ஸிலேயே இரவைக் கழித்தால் இரண்டும் மிச்சம். ஆகவே தில்லியில் மாலை ஏறி, லக்னோ, பைசாபாத், கோரக்பூர் வழியாக மறுநாள் சாயங்காலம் சுனௌலி. அங்கே இறங்கி, எல்லை வளைவைக் கால்நடையாகக் கடந்து, நேபாளத்து 'நைட் பஸ்' பிடித்தால் அதற்கடுத்த விடியலில் மலை. இரண்டு இரவு, ஒரு பகல்.

இருக்கையில் உட்கார்ந்தபடி தூங்குவது ஒரு வித்தை. கழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், கை மட்டும் எப்போதும் பையின் மேல். நடுராத்திரி தாபாவில் நிறுத்துவார்கள். பெண்களுக்குக் கழிப்பறை என்று பெயருக்கு ஒன்று இருக்கும். அத்தை மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். "குடிச்சாத்தானே கஷ்டம்" என்பது அவர் கண்ட தீர்வு. பின்னிருக்கையில் ஒரு இளம்பெண் குழந்தையோடு இருந்தாள். அவளும் அதையே செய்தாள் என்று அத்தை பிறகு சொன்னார். பெண்கள் நெடுந்தூர பஸ்ஸில் தாகத்தோடு போவது எந்தப் பயண வரலாற்றிலும் எழுதப்படுவதில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

சுனௌலி நெருங்க நெருங்க பஸ்ஸுக்குள் ஒரு பதற்றம் ஏறுவதைக் கண்டேன். நௌதன்வா தாண்டியதும் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். நம் காவலர் நண்பர் கோட்டின் உள்தையலைப் பிரித்து ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்தார். நேபாளத்தில் அப்போது இந்திய ஐந்நூறு, ஆயிரம் நோட்டுகளுக்கு அனுமதி இல்லை. கள்ளநோட்டுப் பயம் காரணம். நூறு இந்திய ரூபாய்க்கு நூற்றறுபது நேபாள ரூபாய் என்று 1993 முதல் விகிதம் நிலையாக இருக்கிறது. ஆனால் அந்தச் சமமான கணக்குக்குள் போக நோட்டு நூறாக இருக்க வேண்டும். எல்லைக் கடைக்காரரிடம் ஐந்நூறைக் கொடுத்து நூறுகளாக வாங்கினார். ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு 'கமிஷன்' போயிற்று. பிறகு 2016 நவம்பர் 8 இரவு, பழைய நோட்டுகள் செல்லாமல் போனபோது, இப்படி மாற்றாமல் வீட்டில் சேர்த்து வைத்திருந்த நேபாளக் குடும்பங்களின் பணம் அப்படியே காகிதமாயிற்று. 2018-இல் நேபாளம் இருநூறு, ஐந்நூறு, இரண்டாயிரம் நோட்டுகளுக்கு மறுபடி தடை போட்டது.

மனிதனுக்குத் திறந்த வாசல், மூட்டைக்கு?

எல்லைச் சாவடியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்தப் பக்கத்துச் சாவடி என்பது வேண்டாம். அத்தையின் நெற்றித் திருமண்ணைப் பார்த்ததும், "தீர்த்தயாத்ரி?" என்று கேட்டு, எங்கள் வாக்காளர் அட்டைகளைக்கூட வாங்காமல் அனுப்பிவிட்டார்கள். அந்நிய நாட்டுக்குள் நுழைகிற எங்களுக்கு ஒரு நிமிஷம். தன் சொந்த நாட்டுக்குள் நுழைகிற அவருக்கு முக்கால் மணி நேரம்.

அவர் மூட்டையை அவிழ்த்துத் தரையில் பரப்பினார்கள். ஒரு பிரஷர் குக்கர், இரண்டு கம்பளி, மனைவிக்கு ஒரு புடவை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பை, ஒரு டார்ச் விளக்கு. "பில் எங்கே?" என்றார்கள். குடியிருப்பில் யாரோ கொடுத்த பழைய குக்கருக்கு ஏது பில்? கடைசியில் எவ்வளவு கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்து ஒவ்வொன்றாக மடித்துக் கட்டினார். அத்தை கீழே உட்கார்ந்து கூடவே மடித்துக் கொடுத்தார்.

இந்திய – நேபாள எல்லையைத் 'திறந்த எல்லை' என்று பாடப்புத்தகங்கள் பெருமையோடு சொல்கின்றன. சொல் உண்மை. ஆனால் 1950 உடன்படிக்கை திறந்தது மனிதர்களுக்கு. சரக்குக்கும் பணத்துக்கும் வேறு சட்டங்கள், வேறு ஒப்பந்தங்கள். வெறுங்கையோடு வருபவனுக்கு வாசல் திறந்தே இருக்கிறது. ஆறு மாதக் கூலியை மூட்டையாகவும் நோட்டாகவும் கொண்டுவருபவனுக்கு அதே வாசல் பாதி மூடிவிடுகிறது. 2023-இல் நேபாள அரசு நூறு ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் பொருளுக்கும் சுங்க வரி என்ற விதியைக் கண்டிப்பாக அமல்படுத்தியபோது எல்லையோர மக்கள் கொதித்ததன் காரணமும் இதுவே.

சோதனை எல்லாமே கெடுதல் என்று சொல்ல வரவில்லை. பெண்களைக் கடத்தி விற்கும் கும்பல்களும் இதே பஸ்களைத்தான் பயன்படுத்தின. 1993-இல் அனுராதா கொய்ராலா தொடங்கிய மைதி நேபாள் போன்ற அமைப்புகளின் பெண் தொண்டர்கள் எல்லை வாசலில் நின்று, தனியாக வரும் சிறுமிகளை விசாரித்து மீட்டிருக்கிறார்கள். 1999 டிசம்பர் 24 அன்று காட்மாண்டுவிலிருந்து புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டதும் நமக்கு மறக்காது. 2001 முதல் நம் பக்க எல்லையைச் சசஸ்திர சீமா பல் படை காக்கிறது. காவல் வேண்டியதுதான். அதன் பாரம் யார் தோளில் அதிகமாக இறங்குகிறது என்பதே கேள்வி.

வாசல் அடைத்த நாட்கள்

திறந்த எல்லை மூடியும் இருக்கிறது. 1989 மார்ச்சில் வணிக, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியானபோது, இந்தியா இரண்டைத் தவிர மற்றச் சரக்கு வழிகளை அடைத்தது. நேபாளத்தில் மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்றது. 1996 முதல் 2006 வரை நடந்த மாவோயிஸ்டுப் போரில் நெடுஞ்சாலைகளே போர்க்களமாயின. 2005 ஜூன் 6 அன்று சித்வன் மாவட்டத்து மாடியில் ஒரு பயணிகள் பஸ் கண்ணிவெடியில் சிக்கி முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2015 ஏப்ரல் 25 பூகம்பத்தின் காயம் ஆறுமுன்னே, அந்த ஆண்டு செப்டம்பர் முதல் மாதக்கணக்கில் பீர்கஞ்ச் வழி அடைபட்டு, எரிபொருள் இல்லாமல் பஸ்கள் நின்றன. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கின்போது இரு நாடுகளும் எல்லையை மூடின. ஊருக்கு நடந்தே வந்த நேபாளத் தொழிலாளர்கள் தம் நாட்டைக் கண்ணெதிரே பார்த்தபடி இந்தியக் கரையில் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். தார்ச்சுலாவில் சிலர் மகாகாளி ஆற்றில் குதித்து நீந்தியே கரையேறினார்கள். இருநூறு ஆண்டுகளாக நடந்து கடந்த எல்லை அது.

நேர் பஸ்ஸும் நேராகாத மலையும்

2014 நவம்பர் 25 அன்று காட்மாண்டுவில் பிரதமர் நரேந்திர மோதியும் நேபாளப் பிரதமர் சுஷீல் கொய்ராலாவும் காட்மாண்டு – தில்லி நேரடிப் பஸ்ஸைக் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார்கள். அன்றே இரு நாடுகளும் மோட்டார் வாகன ஒப்பந்தமும் செய்துகொண்டன. 2018 மே மாதம் ஜனக்பூர் – அயோத்தி பஸ்ஸும் வந்தது. ராமர் மாமனார் வீட்டுக்குப் போகும் பஸ் என்று நம் தில்லி நண்பர்கள் வேடிக்கையாகச் சொன்னார்கள். சுனௌலியில் மூட்டையைத் தூக்கி வண்டி மாறும் அவஸ்தை நேர் பஸ்ஸில் போகிறவருக்கு இல்லை என்பது பெரிய நிம்மதி. சோதனைக்கு இறங்குவது மட்டும் உண்டு.

ஆனால் மலை மாறவில்லை. 2024 ஜூலை 12 அதிகாலை, எல்லோரும் அரைத்தூக்கத்தில் இருக்கும் நேரம். நாராயண்காட் – முக்லிங் சாலையில் சிமல்தால் என்ற இடத்தில் நிலச்சரிவு இரண்டு பஸ்களைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது. ஒன்று பீர்கஞ்ச் எல்லையிலிருந்து வந்த வண்டி. அதில் இந்தியர்களும் இருந்தார்கள். இரு பஸ்களிலும் அறுபதுக்கும் மேற்பட்டோர். வெளியே குதித்துத் தப்பியவர் மூவர்தான். மழை எச்சரிக்கை உள்ள நாட்களில் இரவுப் பஸ்களை நிறுத்தி வைக்கும் கட்டுப்பாடுகள் அதன் பிறகு இறுகின. அங்கேயும் அதே கணக்குதான் குறுக்கே வரும். பகலில் போனால் ஒரு நாள் கூலி போகுமே!

முக்திநாத், பசுபதிநாத் செல்ல நினைக்கும் அன்பர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஆனி முதல் ஆவணி வரையான மழைக்காலத்தைத் தவிருங்கள். மலைப்பகுதியைப் பகலில் கடக்கத் திட்டமிடுங்கள். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டையின் அசலைக் கையில் வையுங்கள். அப்படியே எல்லை தாண்டியதும் கடிகாரத்தைப் பதினைந்து நிமிஷம் முன்னால் திருப்பிக்கொள்ளுங்கள். நேபாளத்து நேரம் நம்மைவிடக் கால் மணி முந்தியது.

முடிவாக

நாங்கள் அன்று இரவு பைரஹவாவிலிருந்து போக்ரா பஸ் ஏறினோம். நண்பரும் அதே பஸ்தான். அவர் ஊர் போக்ராவுக்கு முன்னால் ஒரு மலைச்சரிவில். விடிவதற்கு முன் ஓரிடத்தில் வண்டி நின்றது. வெளியே கும்மிருட்டு. டார்ச்சைப் போட்டுப் பார்த்தார். பாதை தெரிந்தது போலும், மூட்டையைத் தலைப்பட்டையில் மாட்டிக்கொண்டார். அத்தையின் காலைத் தொட்டு "ஆமா" என்றார். அத்தைக்கு அதற்குள் பொருள் புரிந்திருந்தது.

"பாத்துப் போப்பா. குக்கருக்கு வெயிட் இருக்கான்னு பாத்துக்கோ, சோதனையில எங்கேயாவது விழுந்துருக்கும்" என்றார் தமிழில்.

அத்தை சாளக்கிராமத்தைச் சேவித்துத் திரும்பி, மூன்றாண்டு இருந்து பரமபதம் அடைந்தார். அதன் பிறகு எங்கள் குடியிருப்பில் வரும் ஒவ்வொரு காவலரிடமும் பெயரும் ஊரும் கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். ஊருக்குப் போகிறவர் கையில் பழைய பொருள் எதையாவது கொடுத்தால், "இது நான் கொடுத்தது" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறேன். அந்தத் தாளுக்குச் சட்டப்படி மதிப்பு உண்டா தெரியாது. இரண்டு பேர் அதைக் காட்டித் தப்பித்ததாகச் சொன்னார்கள்.